நியூயார்க்கின் சிறு மியூசியங்கள்: வீட்டை விட்டுக் கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

நியூயார்க்குக்கு ஆற்றின் எதிர்க்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்த முதல் வருடத்தில் நியூயார்க் மியூசியங்களுக்குப் போக ஒன்பது முறை திட்டம் போட்டேன். அதில் நான்கு முறை உள்ளே போகவே முடியவில்லை. ஒரு தடவை திங்கட்கிழமை, கதவு சாத்தியிருந்தது. ஒரு தடவை என் முதுகுப்பை பெரிது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு தடவை பழைய பட்டியலை நம்பிப் போய் நின்ற இடத்தில் மியூசியமே இல்லை.

நான்காவதுதான் இன்னும் உறுத்துகிறது. திருச்சியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவுக்காக, வழிகாட்டியோடு சுற்றும் ஒரு டூருக்கு மூன்று டிக்கெட் வாங்கியிருந்தேன். மெயிலில் 06/07 என்று இருந்தது. ஜூலை 6 என்று காலண்டரில் குறித்து வைத்தேன். இங்கே மாதம்தான் முதலில் வரும். டிக்கெட் ஜூன் 7ஆம் தேதிக்கு. நான் கவனித்தபோது அந்த நாள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 90 டாலர் போனது. பணம் திரும்பக் கிடைக்காது என்று டிக்கெட்டிலேயே எழுதியிருந்ததால் கேட்கவும் வழியில்லை.

மெட்ரோபாலிட்டன் மாதிரியான பெரிய மியூசியங்களுக்கு இவ்வளவு முன்னேற்பாடு தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதை மட்டும் காட்டும் சின்ன மியூசியங்கள் அப்படி இல்லை. வாரத்தில் நான்கைந்து நாள்தான் திறப்பார்கள், சீக்கிரமே மூடுவார்கள், சில இடங்களில் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள். இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். சப்வே என்ற நிலத்தடி ரயில் எப்படி ஓடுகிறது, வந்தேறிய குடும்பங்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள் என்றெல்லாம் தெரிந்துகொண்டால், அப்புறம் தெருவில் நடக்கும்போதே ஊர் வேறு மாதிரி தெரியும்.

1. எந்த மியூசியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே நாளில் நான்கைந்து பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டுதான். நான் போய்ப் பார்த்ததில் புதியவர்களுக்குச் சொல்லக்கூடியவை இவை.

சப்வேயின் கதையைச் சொல்லும் டிரான்சிட் மியூசியம், புரூக்ளின் டவுன்டவுனில் இருக்கிறது. 1936இல் கட்டி, பத்தே வருடத்தில் மூடிவிட்ட கோர்ட் ஸ்ட்ரீட் சப்வே நிலையத்துக்குள்ளேயே 1976இலிருந்து இது நடக்கிறது. வாசலைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. போரம் பிளேசும் ஷெர்மர்ஹார்ன் தெருவும் சந்திக்கும் மூலையில், மற்ற சப்வே நிலையங்களுக்கு இருப்பது போன்ற படிக்கட்டுதான் வாசல். நான் அதன் எதிரிலேயே நின்றுகொண்டு பத்து நிமிடம் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டிக்கெட் பெரியவர்களுக்கு 10 டாலர், 62 வயதைத் தாண்டியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 5 டாலர்.

டெனிமென்ட் மியூசியம், லோயர் ஈஸ்ட் சைடில் ஆர்ச்சர்ட் தெருவில் இருக்கிறது. வந்தேறிய குடும்பங்கள் வாடகைக்கு இருந்த, 1863இல் கட்டிய 97ஆம் எண் குடியிருப்பையும் பக்கத்தில் உள்ள 103ஆம் எண்ணையும் வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். ஆளுக்கு 30 டாலரை ஒட்டி வரும், ஒரு டூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள்: 97ஆம் எண்ணில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போவதாக இருந்தால், 103ஆம் எண்ணில் நடக்கும் டூராகப் பார்த்து வாங்குங்கள். அங்கே லிஃப்ட் உண்டு.

பவுலிங் கிரீனில், பழைய சுங்க மாளிகைக்குள் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசிய மியூசியம் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. அனுமதி இலவசம். டிசம்பர் 25 தவிர எல்லா நாளும் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். திங்கட்கிழமையும் போகலாம் என்பதால் எனக்கு இது பெரிய உபகாரம்.

குவீன்ஸில் மூவிங் இமேஜ் மியூசியம். சினிமாவும் தொலைக்காட்சியும் எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டுவது. டிக்கெட் 20 டாலர் அளவில். ஒரு காட்சிக்கு நம் குரலையே டப்பிங் செய்து கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

அதே குவீன்ஸில், ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவுக்குள் குவீன்ஸ் மியூசியம். 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்த நியூயார்க் நகரத்தின் மாதிரி அங்கே இருக்கிறது. பரோ என்று சொல்லும் நகரின் ஐந்து பெரும் பகுதிகளும் 1:1200 அளவில், கட்டடங்கள் மட்டும் 8,95,000. நிர்ணயித்த கட்டணம் கிடையாது.

துணி, தையல், ஃபேஷன் துறையில் இருக்கிறவர்கள் ஏழாவது அவென்யூ 27ஆம் தெருவில், எஃப்ஐடி என்ற ஃபேஷன் கல்லூரியின் மியூசியத்துக்குப் போகலாம், இலவசம். கப்பல், விமானம் பிடித்தவர்களுக்கு 46ஆம் தெரு கரையில் நிற்கும் இன்ட்ரெபிட். 1943இல் கடலில் இறங்கிய விமானந்தாங்கிக் கப்பல், மேலே என்டர்பிரைஸ் விண்கலம், பக்கத்தில் கான்கார்ட் விமானம். இதற்கு மட்டும் ஆளுக்கு 35 டாலருக்கு மேல் ஆகும், அரை நாளும் போகும்.

2. அந்த நாளில் கதவு திறந்திருக்குமா என்று உறுதி செய்யுங்கள்

சின்ன மியூசியங்களில் பெரும்பாலானவை திங்கள், செவ்வாய் திறப்பதில்லை. சிலது புதனும் சேர்த்து. சில இடங்கள் வார நாள்களில் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். டிரான்சிட் மியூசியம் மாலை 4 மணிக்கே மூடிவிடும். வேலை முடிந்து போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

தேடுபொறி காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். அந்த மியூசியத்தின் சொந்தத் தளத்தில், போகிற அன்று காலையில் ஒரு முறை பாருங்கள். மழை வெள்ளம், தனியார் நிகழ்ச்சி, மராமத்து என்று ஏதாவது இருந்தால் அங்கேதான் முதலில் போடுவார்கள்.

பழைய பட்டியல்கள் தரும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். இமயமலைப் பகுதிக் கலைக்காகவே மேற்கு 17ஆம் தெருவில் இருந்த ரூபின் மியூசியம் 2024 அக்டோபரில் அந்தக் கட்டடத்தை மூடிவிட்டது. பல பட்டியல்கள் இன்னும் அங்கே போகச் சொல்கின்றன. கணிதத்துக்கென்று 2012இல் கிழக்கு 26ஆம் தெருவில் திறந்த மியூசியமும் அந்த முகவரியில் இப்போது இல்லை. முகவரியை மியூசியத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். எஃப்ஐடி மாதிரி கண்காட்சி மாற்றி மாற்றி வைக்கும் இடங்களில், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கூடங்கள் மூடியிருக்கும். ஸ்மித்சோனியன் மியூசியங்களோ, அமெரிக்க அரசின் நிதி ஒதுக்கீடு நின்றுபோய் அரசு அலுவலகங்கள் மூடும்போது தாமும் மூடிவிடும். செய்தியில் அந்தப் பேச்சு அடிபட்டால் அந்த வாரம் அங்கே திட்டமிடாதீர்கள்.

3. இலவசமாகக் கிடைக்கும் அட்டைகளை வாங்கி வையுங்கள்

நான் இதை ஒரு வருடம் கழித்துத்தான் செய்தேன். வந்த முதல் மாதமே செய்திருந்தால் நூறு டாலருக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் நியூயார்க் நகரத்தின் ஐந்து பரோக்களுக்குள் குடியிருந்தால் முதல் வேலை நூலக அட்டை. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டுக்கு நியூயார்க் பொது நூலகம். புரூக்ளினுக்கும் குவீன்ஸுக்கும் தனித்தனி நூலக அமைப்புகள். புகைப்பட அடையாளம் ஒன்றும் (பாஸ்போர்ட் போதும்), முகவரிச் சான்று ஒன்றும் எடுத்துப் போங்கள். வாடகை ஒப்பந்தம், மின்சார பில், வங்கிக் கணக்கு அறிக்கை எதுவானாலும் சரி. பணம் எதுவும் கிடையாது. அந்த அட்டை இருந்தால் கல்ச்சர் பாஸ் என்ற திட்டத்தில் சேரலாம். 13 வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளுக்கானது. தேதி முன்பதிவு செய்து, பாஸை அச்சடித்தோ போனில் வைத்தோ காட்டினால் இலவசமாக உள்ளே போகலாம். ஒரு மியூசியத்துக்கு வருடத்தில் ஒரு முறைதான். ஒரு பாஸில் எத்தனை பேர் போகலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும், நான்கு பேர் வரை விடும் இடங்களும் உண்டு. நல்ல இடங்களின் பாஸ், புது மாதத்துக்குத் திறந்த சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். மாதத்தின் முதல் தேதி காலையில் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஐடிஎன்ஒய்சி. நகர அரசாங்கம் தரும் அடையாள அட்டை, 10 வயதுக்கு மேற்பட்ட எந்த நகரவாசியும் வாங்கலாம். விசா என்ன வகை என்று கேட்க மாட்டார்கள். ஆவணங்களுக்குப் புள்ளிகள் உண்டு, மொத்தம் நான்கு புள்ளி சேர வேண்டும்: அடையாளத்துக்கு மூன்று, முகவரிக்கு ஒன்று. நம் பாஸ்போர்ட்டும், சமீபத்திய வங்கி அறிக்கையும் என் தங்கைக்குப் போதுமானதாக இருந்தன. அவள் புரூக்ளினில் படிக்கிறாள். அசல்தான் வேண்டும், நகல் செல்லாது. முகவரிச் சான்று ரொம்பப் பழையதாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும், அட்டை தபாலில் சில வாரம் கழித்து வரும். அதனால் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். இதை வைத்துப் பல மியூசியங்களில் ஒரு வருட உறுப்பினர் அட்டை இலவசமாக வாங்கலாம். பங்கேற்கும் மியூசியங்களின் பட்டியல் வருடா வருடம் மாறும். ஒரே நாளில் எல்லாவற்றிலும் சேர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் போகிற சமயத்தில் சேருங்கள். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள், இந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது.

ஜெர்சிக்காரர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். ஜெர்சி சிட்டி, எடிசன், ஐஸ்லின் போன்ற நியூ ஜெர்சி ஊர்களில் இருந்தால் ஐடிஎன்ஒய்சி கிடைக்காது. கல்ச்சர் பாஸும் நமக்கு இல்லை. ஆனால் நியூ ஜெர்சியின் பல ஊர் நூலகங்கள் நியூயார்க் மியூசியங்களுக்கான பாஸ்களைப் புத்தகம் மாதிரியே இரவல் தருகின்றன. உங்கள் ஊர் நூலகத்தின் கவுன்டரில் மியூசியம் பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தருவார்கள், சில இடங்களில் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் உண்டு. எனக்கு இது தெரிந்ததே பாதிப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

பேங்க் ஆஃப் அமெரிக்கா கார்டு வைத்திருக்கிறவர்களுக்கு, மாதத்தின் முதல் முழு வார இறுதியில் பங்கேற்கும் மியூசியங்களில் அனுமதி இலவசம். கார்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும், குடும்பத்துக்கு அல்ல. மாதம் ஞாயிற்றுக்கிழமையில் பிறந்தால் அந்த வார இறுதி கணக்கில் வராது, அடுத்ததுதான்.

4. பெயரைச் சரி பாருங்கள்

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அப்புறம் வங்கியில் அதையே உங்கள் பெயராக எழுதிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள். மூன்று காகிதத்தில் மூன்று பெயர்.

மியூசியத்தின் சாதாரண டிக்கெட்டுக்கு இதனால் தொல்லை இல்லை, கியூஆர் குறியீட்டைத்தான் பார்ப்பார்கள். நூலக அட்டைக்கும் நகர அடையாள அட்டைக்கும்தான் பிரச்சினை. தங்கையை முதல் முறை திருப்பி அனுப்பியது இதற்காகத்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை மாற்றித் தரும்படி வங்கியில் முதலில் கேளுங்கள். புது அறிக்கை வந்தபின் போங்கள்.

மாணவர் சலுகை, முதியவர் சலுகை, உள்ளூர்வாசி சலுகை எதைக் கேட்டாலும் சான்றைக் காட்டச் சொல்லலாம். மாணவர் அட்டையில் நடப்பு வருடம் தெரிய வேண்டும். பெற்றோரின் வயதுக்குப் பாஸ்போர்ட்தான் பேச்சில்லாமல் செல்லும். அசலை எடுத்துச் செல்லப் பயமாக இருந்தால், வயதைக் காட்டும் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள்.

5. டிக்கெட்டை எங்கே, எப்படி வாங்குவது

மியூசியத்தின் பெயரைத் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அதே டிக்கெட்டை மறுவிற்பனை செய்கிறவர்கள், மேலே சேவைக் கட்டணம் போடுவார்கள். கீழே இறங்கி மியூசியத்தின் சொந்தத் தளத்தைத் திறங்கள்.

தேதியைத் தேர்வு செய்யும்போது மாதப் பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில் வந்தால் மாதம் முதலில், நாள் இரண்டாவது. மெயில் வந்ததும் கிழமையையும் சேர்த்துக் காலண்டரில் எழுதுங்கள். "ஜூன் 7, சனிக்கிழமை" என்று எழுதியிருந்தால் என் 90 டாலர் போயிருக்காது.

இந்தியக் கார்டில் கட்டுவதாக இருந்தால், வங்கியின் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்கி வையுங்கள். 2020இலிருந்து இந்திய வங்கிகள் புதுக் கார்டுகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்துதான் தருகின்றன. ஓடிபி இந்திய எண்ணுக்குப் போகும் என்பதால் ரோமிங் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம் கேட்கும், நம்முடையது ஆறு. அங்கேயே சில கார்டுகள் நின்றுவிடும். இங்கே இருக்கும் உறவினர் கார்டில் வாங்குவது நிம்மதி, நாணய மாற்றுக் கட்டணமும் மிச்சம்.

சில இடங்களில் "பரிந்துரைக்கும் கட்டணம்" என்று எழுதியிருக்கும். குவீன்ஸ் மியூசியம் அப்படித்தான். அது கட்டாயம் இல்லை; உங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம். ஒரு டாலர் கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாணவராக இருக்கும்போது கொஞ்சமாகக் கொடுங்கள், வேலைக்குப் போனபின் நிறையக் கொடுங்கள்.

மார்கன் நூலக மியூசியத்தில் வெள்ளிக்கிழமை மாலை இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். 23ஆம் தெருவில் உள்ள, சுவரொட்டிகளுக்கான போஸ்டர் ஹவுஸில் வெள்ளிக்கிழமை இலவசம். இலவச நாளில் கூட்டம் இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

எல்லிஸ் தீவின் குடியேற்ற மியூசியத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, படகுக்குத்தான். பெரியவர்களுக்கு 25 டாலர் அளவில், சுதந்திர தேவி சிலையும் அதில் அடங்கும். மன்ஹாட்டனில் படகு கிளம்பும் பேட்டரி பூங்காவை நெருங்கும்போதே சட்டைக்கு மேல் கையில்லாத ஜாக்கெட் போட்டவர்கள் வழிமறித்து டிக்கெட் விற்பார்கள். அவர்களிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். தீவில் கொண்டுபோய் இறக்குவது ஸ்டாச்யூ சிட்டி குரூசஸ் படகு மட்டும்தான்; அதன் கவுன்டர் பூங்காவுக்குள் காசில் கிளின்டன் என்ற வட்டக் கோட்டைக்குள் இருக்கிறது. ஜெர்சியில் இருக்கிறவர்கள் மன்ஹாட்டனுக்கே போக வேண்டாம், அதே படகு லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்தும் கிளம்புகிறது. கூட்டமும் குறைவு.

6. பையும் பாதுகாப்புச் சோதனையும்

சின்னக் கைப்பை போதும். பெட்டியோடு ஏர்போர்ட்டிலிருந்து நேராகப் போகவே கூடாது. வைத்துக்கொள்ள இடம் தர மாட்டார்கள். குறுகலான பழைய கட்டடங்களில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், இல்லை என்றால் விட மாட்டார்கள். குழந்தை வண்டியோடு போகிறவர்கள் முன்கூட்டியே விதியைப் பாருங்கள்.

பவுலிங் கிரீன் மியூசியம் அரசாங்கக் கட்டடம் என்பதால் ஏர்போர்ட் மாதிரியே எக்ஸ்ரே சோதனை. சாவிக்கொத்தில் மாட்டிய சின்னக் கத்தி, பழம் நறுக்க எடுத்துவந்த கத்தி எதுவும் வேண்டாம். அம்மா பையில் ஆப்பிள் வெட்டும் கத்தி இருந்தது. அதைத் தெருவில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகலாம், உள்ளே சாப்பிட முடியாது. எதிரே உள்ள பூங்காவில் பெஞ்சுகள் இருக்கின்றன.

மியூசியத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லாரும் கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள். சப்வே நிலையங்களில் பெரும்பாலும் கழிவறை இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். பெரியவர்களைக் கூட்டிப் போகும்போது டிக்கெட்டை விட இதுதான் முக்கியம்.

7. சப்வே கணக்கு

ஒரு பயணம் 3 டாலர். பழைய பயண அட்டையான மெட்ரோகார்டின் விற்பனை 2025 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது ஓம்னி என்ற முறைதான்: தொடாமல் கட்டும் வசதியுள்ள வங்கிக் கார்டையோ போனையோ காட்டினால் கதவு திறக்கும். ஏழு நாளில் 35 டாலர் சேர்ந்ததும் மிச்சப் பயணம் இலவசம். அதற்கு ஒவ்வொருவரும் தனிக் கார்டு வைத்து, எல்லாப் பயணத்துக்கும் அதே கார்டைக் காட்ட வேண்டும். காலையில் போன், மாலையில் கார்டு என்று மாற்றினால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். 44 அங்குலத்துக்குள் உயரமுள்ள குழந்தைகள் பெரியவரோடு இலவசமாகப் போகலாம்.

ஜெர்சியிலிருந்து வரும் பாத் ரயிலுக்குத் தனிக் கட்டணம், சப்வேக்கு மாறினால் சலுகை கிடையாது. வார இறுதியில் ரயில்கள் இடைவெளி விட்டுத்தான் வரும், பாதையும் மாறும். டூர் நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக இறங்கும்படி கிளம்புங்கள். தாமதமாகப் போனால் டூரோடு சேர்க்க மாட்டார்கள்.

8. நான் பரிந்துரைக்கும் இரண்டு நாள்கள்

முதல் நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை ஏதாவது ஒன்று. பாத் ரயிலில் உலக வர்த்தக மையம் வந்து, பவுலிங் கிரீனுக்கு நடந்து, 10 மணிக்குப் பூர்வகுடிகள் மியூசியம். 12 மணிக்கு வெளியே வந்து பூங்காவில் சாப்பாடு. அப்புறம் வாசலிலேயே உள்ள பவுலிங் கிரீன் நிலையத்தில் 4ஆம் எண் ரயில் ஏறினால், ஆற்றுக்கு அடியில் ஒரே நிறுத்தம், பரோ ஹால். அங்கிருந்து ஐந்தாறு நிமிட நடையில் டிரான்சிட் மியூசியம். ஒரு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணி நேரம் கிடைக்கும். எங்களுக்கு ஆன செலவு: எனக்கு 10, அப்பா அம்மாவுக்கு ஐந்தைந்து, போக வர சப்வே மூன்று பேருக்கும் 18, ஆக 38 டாலர். பாத் ரயில் தனி.

மேல் தளத்தை வேகமாகப் பார்த்துவிட்டுக் கீழே பிளாட்ஃபாரத்துக்கு இறங்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் பழைய பெட்டிகள் வரிசையாக நிற்கும், பெரும்பாலானவற்றில் ஏறி உட்காரலாம். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பிரம்பு பின்னிய இருக்கையில் உட்கார்ந்து மேலே பார்த்தார். கூரையில் விசிறி, பக்கத்தில் அந்தக் கால சோப்பு விளம்பரம். எழுந்து போய்க் கதவின் சறுக்குப் பாதையில் விரலை ஓட்டினார். குனிந்து பெட்டிக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் இடையிலிருந்த சந்தில் சக்கரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஒரே பெட்டி. வயதானவர்களோடு போகிறவர்கள் இந்தத் தளத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். தண்டவாளத்தில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது, மூன்றாவது தண்டவாளத்தில் இன்னும் மின்சாரம் ஓடுகிறது.

திரும்பும்போது பரோ ஹாலிலிருந்து ஃபுல்டன் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் பாத் நிலையம் பக்கம்.

இரண்டாவது நாள் சனிக்கிழமை, குவீன்ஸ். 7ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தமான ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட். இருபது நிமிடம் நடந்தால் பவுன் தெருவில் கணேசர் கோயில். தரிசனம் முடிந்து கீழே உள்ள கேன்டீனில் தோசை, காபி. மதியம் வரை பசிக்காமல் இருக்கும்படி சாப்பிட்டுவிடுங்கள், அடுத்த இரண்டு இடத்திலும் நமக்குப் பிடித்த சாப்பாடு கிடைப்பது கஷ்டம். அதே ரயிலில் ஒரு நிறுத்தம் பின்னால் வந்து, மெட்ஸ் வில்லெட்ஸ் பாயின்டில் இறங்கிப் பூங்கா வழியாக நடந்தால் குவீன்ஸ் மியூசியம். பேஸ்பால் ஆட்டம் உள்ள நாளிலும், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் யுஎஸ் ஓப்பன் டென்னிஸ் நாள்களிலும் அந்த ரயிலில் நிற்கவே இடம் இருக்காது. அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நகர மாதிரியைச் சுற்றிக் கண்ணாடி நடைபாதை இருக்கிறது. ஒரு சுற்று வந்துவிட்டு நிற்காதீர்கள், விளக்கு மங்கி இரவாகும் வரை காத்திருங்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஓர் அடி உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மன்ஹாட்டனில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். "வீடு எங்கே?" என்று கேட்டாள். ஜெர்சி அந்த மாதிரியில் கிடையாது. ஆற்றின் இந்தக் கரையில், அலுவலகத்துக்கு நேர் எதிரே, காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன்.

இரண்டு மணிக்குள் கிளம்பி, 7ஆம் எண்ணில் 74ஆம் தெருவுக்கு வந்து ஆர் ரயிலுக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் ஸ்டைன்வே. மூவிங் இமேஜ் மியூசியத்துக்கு அங்கிருந்து நடக்கும் தூரம். ஆறு மணிக்கு மூடும்வரை இருக்கலாம். 74ஆம் தெரு நிலையம் இருக்கும் ஜாக்சன் ஹைட்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு இறங்குவதாக இருந்தால், கூட்டம் கூடும் ஏழு மணிக்கு முன்பே போய் இடம் பிடித்துவிடுங்கள்.